குறிநோக்கியும் அதன் மூடியும்

கண்ணை இமை காப்பதுபோல் என்று சொல்லுவது தமிழ் வழக்கு. அன்புக்கு உவமையாக அதனை எடுத்தாளுவோர் பலர். இமை எவ்வாறு காக்கின்றது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. இமை எப்பொழுதும் மூடியே கிடந்தால் கண்ணால் பயனில்லை. எப்பொழுதும் திறந்தே கிடந்தால் கண் நிலைக்காது. வேண்டிய கணத்தில் மூடுகின்றது. வேண்டிய கணத்தில் திறக்கின்றது. மூடித் திறக்கும்போதே விழியை நனைத்துத் துடைக்கின்றது. ஒருநாளும் கழன்று தொலைந்து போவதில்லை. இத்தனை குணங்களும் ஒருங்கே அமைந்ததனால்தான் அது காப்பு ஆகின்றது.

மனிதன் செய்த கண்களாகிய கண்ணாடி வில்லைகளுக்கும் இமை வேண்டும். வில்லையைச் செய்வதற்குச் செலுத்தும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் அதன் மூடிக்குச் செலுத்துவோர் குறைவு. “மூடிதானே! எதையாவது போட்டு இறுக அடைத்துவிட்டால் போகிறது” என்பதே பொதுவான எண்ணம். அந்த எண்ணத்தால் கெட்டுப்போன கருவிகள் மிகப் பல. இறுக அடைப்பது வேறு, காப்பது வேறு என்பதைச் சிறிய குறிநோக்கிகளின் மூடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே ஆராயலாம்.

குறிநோக்கி என்பது யாது?

ஒரு பொருளை நேர்க்கோட்டில் குறிவைத்துப் பார்க்க உதவும் ஒளியியல் கருவியே குறிநோக்கி. துப்பாக்கியின் மேல் பொருத்துவது ஒரு வகை. வானநூல் ஆர்வலர் தம் பெரிய தொலைநோக்கியை விண்மீனை நோக்கித் திருப்புவதற்கு அதன் முதுகில் பொருத்திக் கொள்ளுவது மற்றொரு வகை. இரண்டிலும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே.

டப்ளின் நகரத்தைச் சேர்ந்த தொலைநோக்கி வல்லுநர் ஹோவர்ட் கிரப் என்பவர் 1900-ஆம் ஆண்டில் இத்தத்துவத்திற்குக் காப்புரிமை பெற்றார். ஒளிரும் ஒரு சிறு குறியை வில்லையின் குவியத்தில் வைத்தால், அதிலிருந்து வரும் கதிர்கள் வில்லையைக் கடந்ததும் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லுகின்றன. அக்கதிர்கள் சாய்வான ஒரு கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும்பொழுது, குறி நெடுந்தொலைவில் உள்ள பொருளின் மேலேயே படிந்திருப்பது போலத் தோன்றும். கண்ணைச் சற்று அசைத்தாலும் குறி இலக்கை விட்டு அதிகம் விலகுவதில்லை. 1975-ஆம் ஆண்டில் சுவீடனில் இத்தத்துவத்தோடு மின்னணு விளக்கைச் சேர்த்துச் சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கியை வெளியிட்டனர். தொலைநோக்கிக்காக அமெரிக்கரான ஸ்டீவ் கூஃபெல்ட் உருவாக்கிய டெல்ராட் என்னும் கருவி, 4 பாகை, 2 பாகை, அரைப் பாகை அளவுள்ள மூன்று செவ்வட்டங்களை வானத்தின் மேல் காட்டுகின்றது.

இவற்றின் கண்ணாடி பெரும்பாலும் கட்டைவிரல் அகலமே இருக்கும். சிறிய கண்ணாடியில் படியும் ஒரு நீர்த்துளியும் பெரிய மறைப்பாகும். மூடியின் பொறுப்பு இங்கே மிகுதியாவதற்கு அதுவே காரணம்.

வில்லையின் பகைவர்

மூடியை அமைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “யாரிடமிருந்து காக்கப் போகிறோம்?” என்பதாகும். வில்லைக்குப் பகைவர் ஐவர்.

முதலாவது தூசி. தூசி மென்மையானது என்று எண்ணுவது தவறு. மோஸ் என்பாரின் கடினத்தன்மை அளவுகோலில் வில்லைக் கண்ணாடி ஏறத்தாழ 5½ அல்லது 6 என்னும் இடத்தில் நிற்கின்றது. மணலில் பெரும்பான்மையான குவார்ட்ஸ் என்னும் படிகம் 7-ஆம் இடத்தில் நிற்கின்றது. கடினமானது மென்மையானதைக் கீறும் என்பது விதி. ஆகவே தூசி படிந்த வில்லையைச் சட்டைத் தலைப்பால் துடைப்பவர், தாம் அறியாமலே அதனை மணலால் தேய்க்கின்றார்.

இரண்டாவது அடியும் உரசலும். இதற்கு அதிக விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவது பளிச்சொளி. மேற்பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்புகின்றது. செய்ஸ் நிறுவனத்தின் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935-ஆம் ஆண்டில் உருவாக்கிய மெல்லிய பூச்சு இதனை வெகுவாகக் குறைத்தது. ஆயினும் சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கு திரும்பினாலும் அது தொலைவில் இருப்பவர் கண்ணுக்கு மின்னலாகத் தெரியும். போர்வீரனுக்கு அது ஆபத்து. விலங்குகளை மறைந்திருந்து காண்பவருக்கு அது இடையூறு.

நான்காவது ஈரம். ஐந்தாவது அவ்வீரத்தின் பிள்ளையாகிய பூஞ்சணம். முதல் மூன்று பகைவரும் வெளியிலிருந்து வருபவர். மூடி போட்டால் நின்றுவிடுவர். பின்னிருவரோ மூடிக்குள்ளேயே பிறந்து வளரக்கூடியவர். மூடி அமைப்பின் முழுச் சிக்கலும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கின்றது.

மூடிக்குள் ஈரம் வருவது எப்படி?

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமே தாங்கும். எஞ்சிய 13 கிராம் நீராக மாறி, கையில் கிடைத்த குளிர்ந்த பரப்பின்மேல் படிந்துவிடும்.

மழை நின்ற மாலையில் ஈரக்காற்றோடு சேர்த்து ஒரு வில்லையை இறுக மூடுவதாகக் கொள்ளுவோம். மூடிக்கும் வில்லைக்கும் இடையே 10 கனசென்டிமீட்டர் இடம் இருக்கட்டும். கருவியைக் குளிரூட்டிய அறைக்குக் கொண்டுபோனால், உள்ளே அகப்பட்ட காற்று 0.13 மில்லிகிராம் நீரைக் கக்கும். இது ஒரு துளியிலும் அற்பம். ஆனால் 5 சதுர சென்டிமீட்டர் வில்லையில் அது பரவினால், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள படலமாகும். வில்லை மங்கிப்போக அது போதும். மூடியின் உட்புறத்தில் துடைக்காமல் விட்ட மழைத்துளி ஒன்று இருந்துவிட்டாலோ, அந்தச் சிறு அறையில் ஈரம் தீரவே தீராது. பகலில் ஆவியாகி, இரவில் படிந்து, மறுநாளும் அதுவே தொடரும்.

இதற்கு எதிர்மாறாகவும் நிகழும். குளிரூட்டிய அறையில் 20 பாகையில் இருந்த கருவியை, 30 பாகை வெப்பமும் 80 சதவிகித ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்றில் சட்டெனத் திறந்தால், அக்காற்று 26 பாகையிலேயே நீரைக் கக்கத் தொடங்குமாதலால், வில்லை உடனே வியர்க்கும். இங்கே மூடியைக் கழற்றாமல் கருவி வெளிச்சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருப்பதே காப்பு. ஆகவே மூடுவதற்கு ஒரு வேளை, திறப்பதற்கு ஒரு வேளை உண்டு என்பது தெளிவாகும்.

போர்க்காலம் கற்பித்த பாடம்

ஈரமும் பூஞ்சணமும் எவ்வளவு பெரிய பகை என்பதை உலகம் இரண்டாம் உலகப் போரில் கண்டுகொண்டது. நியூகினித் தீவின் காடுகளில் போரிட்ட ஆஸ்திரேலியப் படையினரின் இரட்டைத் தொலைநோக்கிகளும் குறிநோக்கிகளும் சில வாரங்களிலேயே மங்கிப் பயனற்றுப் போயின. அவற்றைத் திறந்து பார்த்தபொழுது, வில்லைகளின் மேலும் உட்புறத்திலும் சிலந்தி வலைபோல் பூஞ்சண இழைகள் படர்ந்திருந்தன.

பூஞ்சணம் கண்ணாடியைத் தின்பதில்லை. கைரேகையின் எண்ணெய், நுண்தூசி, ஒட்டுப்பசை, பெட்டியின் தோல் ஆகியவையே அதன் உணவு. உண்டு வளரும்பொழுது அது அமிலங்களைக் கசியவிடும். அந்த அமிலமே வில்லையின் பூச்சையும், நாளடைவில் கண்ணாடியையும் அரித்துத் தடம் பதித்துவிடும். இழைகளைத் துடைத்தாலும் தடம் போவதில்லை.

ஆஸ்திரேலியாவில் 1940-ஆம் ஆண்டில் பேராசிரியர் லேபியின் தலைமையில் அமைந்த ஒளியியல் கருவிக் குழுவும், மெல்பர்ன் பல்கலைக்கழகத் தாவரவியலாரும் இதனை ஆராய்ந்தனர். எத்தல் மெக்லென்னன் என்னும் பூஞ்சணவியல் அறிஞரும் அவர்களுள் ஒருவர். மெர்தியோலேட் என்னும் பாதரசச் சேர்மத்தைக் கருவியின் உட்புறத்தில் சிறிதளவு பூசிவைத்தால் பூஞ்சணம் வளருவதில்லை என்று அவர்கள் கண்டனர். பாதரசம் நஞ்சாதலால் இன்று வீட்டிலும் பள்ளியிலும் அதனைக் கையாளுதல் ஆகாது. கருவியின் உள்ளே உலர்ந்த நைட்ரஜன் வாயுவை நிரப்பி முத்திரையிடுவதே பிற்காலத்தில் பரவிய முறை. ஆனால் நைட்ரஜன் காப்பது வில்லையின் உள்முகத்தையே. வெளிமுகம் இன்றும் மூடியின் பொறுப்பிலேயே இருக்கின்றது.

மூடிகளின் வகை

புழக்கத்தில் உள்ள மூடிகளை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது தொப்பி மூடி. குழலின் வாயில் செருகுவது. எளியது, மலிவானது, நன்றாக அடைப்பது. ஆனால் முதலில் தொலைந்து போவதும் இதுவே. கருவியோடு ஒரு கயிற்றால் பிணைக்கப்படாத தொப்பி மூடியை மூடி என்றே கணக்கிடலாகாது.

இரண்டாவது இணை மூடி. முன் வில்லைக்கு ஒன்றும் பின் வில்லைக்கு ஒன்றுமாக இரண்டு மூடிகளை ரப்பர் பட்டையால் இணைத்தது. ஒன்றை இழுத்தால் இரண்டும் கழலும். விரைவாகக் கழற்ற முடியும். விரைவாக மீண்டும் மாட்ட முடியாது.

மூன்றாவது கீல் மூடி. விசைச்சுருளும் கொக்கியும் உடையது. விரலால் கொக்கியைத் தட்டினால் தானே திறந்து கொள்ளும். இமைக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் திறந்த மூடி செங்குத்தாக நின்றால் கொடியிலும் கிளையிலும் சிக்கும். மற்றக் கண்ணின் பார்வையையும் மறைக்கும். அது பின்னோக்கி மடிந்து குழலின்மேல் படிய வேண்டும். கருவியைத் திருத்தும் திருகுகளையும் மின்கல அறையையும் அது மறைத்தலும் கூடாது.

நான்காவது ஒளிபுகும் மூடி. மூடியிருக்கும்பொழுதே பார்க்கலாம் என்பது இதன் நன்மை. ஆனால் வில்லையில் விழவேண்டிய கீறலும் மூட்டமும் இதில் விழும் என்பதை மறக்கலாகாது. அவசரத்துக்கு உதவும், தெளிவான காட்சிக்கு உதவாது.

ஐந்தாவது தேன்கூட்டு மறைப்பு. இது வில்லையை அடைப்பதே இல்லை. தேனடைபோல் ஆறுபக்க அறைகள் நெருங்கிய ஒரு தட்டை முன்வில்லைக்கு எதிரில் வைப்பர். ஓர் அறையின் அகலம் 3 மில்லிமீட்டர், ஆழம் 9 மில்லிமீட்டர் என்றால், நேர்க்கோட்டிலிருந்து ஏறத்தாழ 18 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் கதிர் அறையின் சுவரில் முட்டி நின்றுவிடும். பக்கத்திலிருந்து சூரியன் விழுந்தாலும் வில்லை மின்னாது. எதிரே உள்ள இலக்கின் ஒளியோ நேராக உள்ளே வரும். சிறிது வெளிச்சம் குறைவது ஒன்றே இதற்குச் செலுத்தும் விலை.

இவ்விடத்தில் ஒரு வியப்பான செய்தியையும் குறிக்க வேண்டும். சிவப்புப் புள்ளிக் குறிநோக்கியின் முன்மூடி திறக்காமலே போய்விட்டாலும் இரண்டு கண்ணையும் திறந்து பார்ப்பவருக்குக் கருவி முற்றும் குருடாவதில்லை. ஒரு கண் புள்ளியைக் காணும். மற்றக் கண் இலக்கைக் காணும். மூளை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இரு கண்களின் நோக்கும் சிறிது பிரிவதனால் குறி சற்று விலகலாம். ஆதலால் இது அவசரத்துக்கு உதவும் வழியே அன்றி, மோசமான மூடிக்குச் சமாதானம் அன்று.

பொருளும் அளவும்

மூடியை எதனால் செய்வது என்பது அடுத்த கேள்வி. இயற்கை ரப்பர் நன்றாக இழுபடும், குழலை நன்றாகப் பற்றும். ஆனால் வெயிலும், காற்றிலுள்ள ஓசோனும், எண்ணெயும் அதனை வெடிக்கவும் இளகவும் செய்யும். இழுத்த நிலையிலேயே நாள்தோறும் இருக்கும் ரப்பர் விரைவில் வெடிக்கும். இதனால் நியோப்ரீன், சிலிக்கோன் போன்ற செயற்கை வகைகளை மூடிக்குத் தேர்ந்தெடுப்பர்.

நைலான் போன்ற பிளாஸ்டிக் வகைகள் இலேசானவை, உடையாதவை. ஆனால் வெப்பத்தில் அவை அலுமினியத்தைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேல் விரிகின்றன. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் குழல், 20 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினால் 0.03 மில்லிமீட்டர் விரியும். அதன்மேல் போட்ட நைலான் மூடியோ ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் விரியும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அவ்வளவு சூடு எளிதில் ஏறும். இறுக்கமாயிருந்த மூடி அப்பொழுது தளர்ந்துவிடும். போதாக்குறைக்கு நைலான் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிப் பருக்கும். எனவே விறைப்பான மூடியின் விளிம்பில் மென்மையான ரப்பர் உதடு ஒன்றை அமைப்பர். சூட்டினால் வரும் வேறுபாட்டை அந்த உதடு ஏற்றுக்கொள்ளும்.

மூச்சுவிடும் மூடி

இனி மூல வினாவுக்கு வரலாம். மழைத்துளி புகக்கூடாது; நீராவி வெளியேற வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்குமா? நடக்கும். மழைத்துளி பெரியது, அது நேராக விழுவது. நீராவியோ எந்த வளைவிலும் திரும்பிச் செல்லக்கூடியது. மூடியின் அடிவிளிம்பில் வளைந்து வளைந்து செல்லும் ஒரு சிறு வாய்க்கால் வைத்தால், துளி அதில் நின்றுவிடும், ஆவி வெளியேறிவிடும்.

இந்த வாய்க்காலுக்கு வேறொரு பயனும் உண்டு. சமவெளியில் இறுக மூடிய கருவியைக் கேமரன் மலைக்குக் கொண்டுபோனால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கும். உள்ளே அடைபட்ட காற்று மூடியைத் தள்ளும். மலையில் மூடிச் சமவெளிக்கு இறக்கினால், மூடி குழலோடு ஒட்டிக்கொண்டு இழுத்தாலும் வராது. வரும்பொழுது விளிம்பில் இருந்த தூசியை உள்ளே இழுத்துக்கொண்டு வரும். சிறு வாய்க்கால் இருந்தால் இத்தொல்லை இல்லை.

அடைக்காமலே காக்கும் மூடியும் உண்டு. தெளிந்த இரவில் வானை நோக்கி இருக்கும் கண்ணாடி தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதன்மேல் பனி படிவது அதனால்தான். வெல்ஸ் என்னும் மருத்துவர் 1814-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதனை விளக்கினார். புல்லுக்குச் சில அங்குலம் மேலே மெல்லிய கைக்குட்டை ஒன்றைக் கட்டிவைத்து, அதன் கீழ் இருந்த புல் திறந்த வெளிப் புல்லைப்போல் குளிருவதில்லை என்று அவர் கண்டார். தொலைநோக்கியின் குறிநோக்கிக்கு வானநூல் ஆர்வலர் வைக்கும் சிறு கூரையும் இதே வேலையைச் செய்கின்றது. அது கண்ணாடியைத் தொடுவதே இல்லை. வானத்தை மறைத்து நிற்கின்றது, அவ்வளவே. பார்க்க வேண்டிய நேரத்தில் கூரையைத் தூக்கிவிட்டுப் பார்த்துக் கொள்ளுவர்.

ஆசிரியர்கள் செய்து காட்டக்கூடியவை

இவற்றை மாணவர்க்கு விளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரே அளவான இரண்டு சிறு கண்ணாடிப் புட்டிகளில் ஒவ்வொரு துளி நீர் விடலாம். ஒன்றை இறுக மூடி, மற்றதன் வாயை மெல்லிய துணியால் கட்டி, இரண்டையும் ஒரு பகல் முழுதும் வெயிலில் வைத்து, மாலையில் எடுத்துக் காட்டலாம். மூடிய புட்டியின் உட்சுவர் மங்கியிருக்கும்; துணி கட்டிய புட்டி உலர்ந்திருக்கும். பானம் உறிஞ்சும் குழல்களை ஒரே நீளமாக வெட்டிக் கட்டாகக் கட்டி, ஒரு முகக்கண்ணாடியின்முன் வைத்துப் பக்கவாட்டில் கைவிளக்கை அடித்தால், தேன்கூட்டு மறைப்பின் தத்துவம் விளங்கும். குழலின் நீளத்தை அதன் அகலத்தின் இருமடங்கு, மும்மடங்கு என்று மாற்றி, எத்தனை பாகையில் ஒளி மறைகின்றது என்று மாணவரையே அளக்கச் செய்தால், கணிதமும் உடன் வரும்.

இப்பாடம் பள்ளியின் அலமாரிக்கும் பொருந்தும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவிகிதத்தை ஒட்டியே இருக்கின்றது. 70 சதவிகிதத்துக்கு மேல் நீடித்தாலே பூஞ்சணம் வளரத் தொடங்கும். பெற்றோர்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த உருப்பெருக்கியைக் கெட்டுவிடும் என்று அஞ்சித் தோல்பெட்டியில் வைத்து, பெட்டியை அலமாரியில் வைத்து, அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்தும் பள்ளிகள் உண்டு. ஆண்டுத் தேர்வுக்கு எடுக்கும்போது அது மங்கிப்போயிருக்கும். கெடுத்தவர் மாணவர் அல்லர், பூட்டே கெடுத்தது.

செய்ய வேண்டியவை எளியவை. நனைந்த மூடியை உலர்த்தாமல் மாட்டக் கூடாது. தூசியை முதலில் ஊதி, பிறகு மென்தூரிகையால் நீக்கி, கடைசியாகவே துணியால் துடைக்க வேண்டும். தோல்பெட்டியில் கருவியை வைத்து அடைத்துவிடாமல், நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லைச் சூடேற்றி உலர்த்தி உடன் வைக்க வேண்டும். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவிகிதம்வரை வைத்திருக்கும் மின்அலமாரிகள் கடைகளில் கிடைக்கின்றன. அதற்கு வசதியில்லாத இடத்தில் அலமாரிக்குள் ஒரு சிறு குண்டுவிளக்கை எரியவிடும் பழைய முறையும் பயன் தரும். துணியும் தாளும் விளக்கைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றினும் மேலான காப்பு, கருவியை வாரம் ஒரு முறையேனும் வெளியே எடுத்துப் பயன்படுத்துவதாகும். காற்றும் வெளிச்சமும் பட்ட வில்லையில் பூஞ்சணம் எளிதில் குடியேறுவதில்லை.

நல்ல மூடிக்கு இலக்கணம் இமையிடமே இருக்கின்றது. அது கருவியை விட்டுப் பிரியக்கூடாது. ஒரு கையால், ஒரு கணத்தில் திறக்க வேண்டும். திறந்தபின் பார்வைக்கு இடையூறாக நிற்கக்கூடாது. மூடியபின் மழையையும் மணலையும் தடுக்க வேண்டும். தடுத்துக்கொண்டே மூச்சும் விட வேண்டும். இமை நாள் முழுதும் நிமிடத்திற்குப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுகின்றது. பயன்படுத்திக்கொண்டே காக்கும் அந்த முறையைக் கருவிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கைக்கொள்ளுதல் நலம்.